ஆதியும் தொடக்கமும்

கடந்த ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவில் நகரம் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த மக்களால் நிரம்பி வழிந்தது. வெளியே ஒலிபெருக்கிகளின் ஓசை. உள்ளே மறைக்கல்வி வகுப்பு. ஆங்கிலவழிப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி எழுந்து நின்றாள்.

“ஃபாதர், ஜெனிசிஸ்னா என்ன?”

“தொடக்க நூல்” என்றேன்.

“அது புத்தகத்தோட பேரு ஃபாதர். எங்க பக்கத்து வீட்டு அக்கா சி.எஸ்.ஐ. சபை. அவங்க ஆதியாகமம்னு சொல்றாங்க. மூணுக்கும் ஒரே அர்த்தம்தானா?”

“ஆம், ஒன்றுதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றேன். ஆயினும் அன்றிரவு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மூன்றும் ஒன்றையே சுட்டுகின்றன என்பது மெய். மூன்றும் ஒன்றையே சொல்லுகின்றனவா? அவசரத்தில் அளித்த விடை அச்சிறுமிக்கு நான் இழைத்த சிறு அநீதி என்றே தோன்றியது. அதைவிடப் பெரிய அநீதி ஒன்றும் இதே சொல்லைப் பற்றியதாக என் நினைவில் உண்டு. அதனை இறுதியில் சொல்லுகிறேன். முதலில் சொல்லின் வரலாற்றைக் காண்போம்.

பிறப்பைச் சொல்லும் சொல்

‘ஜெனிசிஸ்’ ஆங்கில மண்ணில் முளைத்த சொல்லன்று. அதன் தாயகம் கிரேக்கம். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னர், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் பெருந்தொகையான யூதர்கள் குடியிருந்தனர். தங்கள் முன்னோரின் எபிரேய மொழியை அவர்களுடைய பிள்ளைகள் மறந்து கிரேக்கமே பேசிவந்தனர். மறைநூல் தம் பிள்ளைகளின் காதில் விழ வேண்டுமென்று விரும்பிய பெரியோர் மோசேயின் சட்ட நூல்கள் ஐந்தையும் கிரேக்கத்தில் பெயர்த்தனர். எழுபதின்மர் பெயர்ப்பு என்று நாம் அழைக்கும் பெயர்ப்பின் தோற்றம் இதுவே. சொந்த மொழியை மறந்துவரும் பிள்ளைகளுக்காக எழுந்த நூலிலிருந்தே ‘ஜெனிசிஸ்’ என்னும் பெயர் நமக்கு வந்தது என்பதை இன்றைய தமிழ்ப் பெற்றோர் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நன்று.

யூதர்கள் தம் நூல்களை அவற்றின் தொடக்கச் சொல்லால் அழைப்பது வழக்கம். திருத்தந்தையர் வெளியிடும் சுற்றுமடல்கள் அவற்றின் முதற்சொற்களால் பெயர் பெறுவதைப் போன்றதே இது. எபிரேயத்தில் முதல் நூலின் பெயர் ‘பெரேஷீத்’. ஆனால் கிரேக்கத் தலைப்பு அச்சொல்லின் மொழிபெயர்ப்பன்று. அது நூலின் உள்ளிருந்து எடுக்கப்பட்டது. படைப்பு வரலாற்றின் முதற்பகுதி முடியுமிடத்திலும் (2:4), ஆதாமின் வழிமரபு சொல்லப்படுமிடத்திலும் (5:1), பின்னர் நோவா, சேம், தேராகு, ஈசாக்கு, யாக்கோபு என்று ஒவ்வொருவர் வரலாறும் தொடங்குமிடத்திலும் ‘தோலெதோத்’ என்னும் எபிரேயச் சொல் வருகிறது. பிறப்பு, தலைமுறை, வழிமரபு என்பன அதன் பொருள். அதற்கு ஈடாகக் கிரேக்கர் முதலிரு இடங்களிலும் வைத்த சொல்லே ‘கெனெசிஸ்’. இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றபோது அதன் ஒலி ‘ஜெனிசிஸ்’ ஆயிற்று.

ஆகவே இச்சொல்லின் அடிப்பொருள் தொடக்கமன்று, பிறப்பு. புனித மத்தேயு தம் நற்செய்தியின் முதல் வரியில் இயேசுவின் வழிமரபைக் குறிக்க இதே சொல்லைக் கையாண்டதும் தற்செயலன்று. பழைய ஏற்பாட்டின் வாசலில் நிற்கும் சொல்லையே புதிய ஏற்பாட்டின் வாசலிலும் நிறுத்தி, இங்கே ஒரு புதிய படைப்பு பிறக்கிறது என்று அவர் நமக்கு உணர்த்துகிறார்.

இந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நம் நாட்டிலும் உறவினர் உண்டு. வடமொழியில் பிறத்தலைக் குறிக்கும் வேரும் கிரேக்க வேரும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது மொழியியலார் அனைவரும் ஏற்ற முடிபு. ஜனனம், ஜென்மம் ஆகியவை அவ்வேரிலிருந்து எழுந்தவை. பங்குத் திருவிழாவின்போது மின்சாரம் நின்றவுடன் நாம் ஓடிச்சென்று இயக்கும் ஜெனரேட்டரும் இலத்தீன் வழியாக இதே குடும்பத்தில் வந்ததுதான்; மின்சாரத்தைப் ‘பிறப்பிப்பது’ என்பதே அதன் பெயர்க்காரணம்.

இக்குடும்பத்தில் நம் நெஞ்சைச் சுடும் உறவினர் ஒருவரும் உண்டு. ‘ஜாதி’ என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. பிறப்பு என்ற ஒரே கருத்தை எடுத்துக்கொண்டு, மனிதர் யாவரும் ஒரு குடும்பம் என்று விவிலியத்தின் முதல் நூல் போதிக்கிறது. அதே கருத்தை எடுத்துக்கொண்டு, மனிதர் பிறவியிலேயே வேறுபட்டவர் என்று சாதி கூறுகிறது. நெல்லைச் சீமையின் திருச்சபை வரலாறு இவ்விரண்டிற்கும் இடையே நடந்த போராட்டத்தை நன்கறியும். வடக்கன்குளம் ஆலயத்தினுள் சாதியாரைப் பிரித்து நின்ற தடுப்பு 1910-ஆம் ஆண்டில்தான் இடித்து அகற்றப்பட்டது. கல்லால் ஆன தடுப்பு போயிற்று. கல்லறைத் தோட்டங்களிலும் திருமணப் பேச்சுகளிலும் நிற்கும் தடுப்புகள் முழுதும் போயினவா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் மனச்சான்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆதாமின் வழிமரபுப் பட்டியலை ஆலயத்தில் வாசித்துவிட்டு வாசலில் வேறு பட்டியலை விரிப்போமானால் நாம் ஜெனிசிஸைப் படித்தவர்கள் ஆகோம்.

இன்றைய ஆங்கிலத்தில் ‘ஜெனிசிஸ்’ எவ்வாறு வழங்குகிறது? நெடுங்காலம் நூலின் பெயராகவே இருந்த அது பதினேழாம் நூற்றாண்டு முதல் பொதுச் சொல்லாகவும் வழங்கலாயிற்று. அப்போதும் பிறப்பின் மணம் அதைவிட்டு நீங்கவில்லை. பள்ளி தொடங்கும் மணியையோ பந்தயம் தொடங்கும் நேரத்தையோ எந்த ஆங்கிலேயரும் ஜெனிசிஸ் என்று சொல்லமாட்டார். ஒரு கருத்து, ஓர் இயக்கம், ஒரு நாவல் எவ்வாறு கருக்கொண்டு உருவாயிற்று என்று விளக்கும்போதுதான் அச்சொல்லைக் கையாளுவார். கடிகாரத்தின் முள்ளை அது சுட்டுவதில்லை. கருப்பையைச் சுட்டுகிறது எனலாம்.

தலையைச் சொல்லும் சொல்

இனி எபிரேயப் பெயருக்கு வருவோம். ‘பெரேஷீத்’ என்னும் சொல்லின் நடுவே ‘ரோஷ்’ என்னும் சொல் உறைகிறது. ரோஷ் என்றால் தலை. இதைக் கேட்டவுடன் தமிழர் செவி நிமிரும். முதலில் பிறந்த பிள்ளையைத் தலைச்சன் என்கிறோம். கட்டுரையின் முகப்பைத் தலைப்பு என்கிறோம். சிறந்ததைத் தலையாயது என்கிறோம். காவிரியின் பிறப்பிடமோ தலைக்காவிரி. எபிரேயருக்கும் நமக்கும் மொழிக்குடும்பத்தால் உறவில்லை. ஆயினும் தொடக்கத்தைத் தலையாகக் காணும் பார்வை இருவருக்கும் பொதுவாக அமைந்திருக்கிறது.

இச்சொல்லுக்குக் கிரேக்கர் ‘ஆர்க்கே’ என்று பெயர்த்தனர். ஆர்க்கே என்பது தொடக்கத்தையும் குறிக்கும், மூலத்தையும் குறிக்கும், ஆட்சியையும் குறிக்கும். ஆங்கிலத்தில் அதிதூதர், பேராயர் என்னும் பெயர்களின் முன்னே ஒட்டி நிற்பது இந்தச் சொல்லே. இலத்தீனில் இதற்கு ஈடான ‘பிரின்சீப்பியும்’ என்னும் சொல்லும் அத்தகையதே. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித எரோணிமுஸ் எபிரேயத்திலிருந்து நேராகப் பெயர்த்தபோது அச்சொல்லையே முதலில் வைத்தார்.

புனித யோவான் தம் நற்செய்தியை ஆர்க்கே என்னும் சொல்லோடு தொடங்குகிறார். புனித மாற்கும் அதே சொல்லோடு தொடங்குகிறார். கொலோசையர் திருமுகத்திலோ (1:18) கிறிஸ்து திருச்சபைக்குத் தலை என்றும் அவரே தொடக்கம் என்றும் அடுத்தடுத்து வருகின்றன. எபிரேயச் சொல்லின் இரு பொருள்களையும் பிரித்தெடுத்து ஒரே வசனத்தில் அருகருகே வைத்தது போல் இருக்கிறது இது. பெரேஷீத் என்னும் சொல்லை அறிந்தவர்க்கு இவ்வசனத்தின் அழகு இருமடங்கு புலப்படும்.

தமிழில் வந்த விதம்

நம் மொழியில் மறைக்கல்வி நூல் அச்சேறியது மிகத் தொன்மையானது. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பட்டது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல்களுள் தலையாயது அது. அண்டிரிக் அடிகளார் இறைவனைத் தம்பிரான் என்று அழைத்தார். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி வடமொழியையும் கற்று, ‘சர்வேசுரன்’ என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். அவர் காலந்தொட்டு நம் செபங்களிலும் ஞானோபதேச நூல்களிலும் வடசொற்கள் நிறைந்தன.

அவ்வழியில் வந்த பழைய குறிப்பிடத்தை நம் பாட்டிமார் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதில் இறைவனுடைய இலட்சணங்கள் ஆறு. அவற்றுள் இரண்டாவது அவருக்குத் ‘துவக்கமும்’ முடிவும் இல்லை என்பது. ஆறாவது அவரே எல்லாவற்றிற்கும் ‘ஆதிகாரணம்’ என்பது. அன்பர்களே, இவ்விரு சொற்களையும் கவனியுங்கள். காலத்தில் நிகழும் ஆரம்பத்தை மறுக்க வேண்டிய இடத்தில் துவக்கம் என்னும் தமிழ்ச்சொல் வந்தது. எல்லாவற்றிற்கும் ஊற்றாய் இருப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆதி வந்தது. எழுத்தறியாத எளிய மக்கள் நாவில், கிரேக்க இறையியலார் நூல் நூலாக எழுதி விளக்கிய வேறுபாடு நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருந்தது!

சீர்திருத்த சபையாரின் பெயர்ப்பு வேறு வழியில் வளர்ந்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல் வரை பெயர்த்த நிலையில் 1719-இல் காலமானார். எஞ்சியதை சூல்ட்சே முடித்தார். பின்னர் பப்ரிசியுஸ், நெல்லையில் உழைத்த இரேனியுஸ், 1871-இல் முழுமை பெற்ற திருத்தத்தின் தலைவரான பவர் ஆகியோர் கைகளில் அது உருப்பெற்றது. அப்பெயர்ப்பில் முதல் நூல் ஆதியாகமம். அடுத்து வருபவை யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம். ஆகமம் என்பது சைவ மக்களுக்கு நன்கு அறிமுகமான சொல். சிவாகமங்கள் இருபத்தெட்டு என்பது மரபு; உபாகமம் என்னும் பெயரும் அங்கு உண்டு. தங்கள் மறைநூலுக்குப் பெயரிடும்போது கிறிஸ்தவர்கள் அண்டை வீட்டிலிருந்து சொல்லைக் கடன் வாங்கியிருக்கின்றனர். சங்கரநாராயணர் கோயிலின் கோபுர நிழலில் வாழும் எனக்கு இது வியப்பளிப்பதில்லை. ஒரே ஊரில் வாழ்கிறவர்கள் உப்பையும் கடன் வாங்குவார்கள். சொல்லையும் கடன் வாங்குவார்கள்.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-இல் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளித்தது. 1965-இல் வெளிவந்த இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், பிரிந்த சகோதரர்களோடு இணைந்து மறைநூலைப் பெயர்ப்பதையும் வரவேற்றது. அதற்கு முன்பே, 1916 முதல் மறைமலையடிகள் முன்னின்று வளர்த்த தனித்தமிழ் இயக்கம் தமிழ்நாட்டின் எழுத்து நடையை மாற்றியிருந்தது. இவ்விரு காற்றுகளும் ஒன்றுகூடி வீசியபோது நம் வழிபாட்டு மொழியும் மாறிற்று. பிதா தந்தையானார், சுதன் மகனானார், ஸ்தோத்திரம் புகழாயிற்று. 1995-இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தபோது முதல் நூல் தொடக்க நூல் என்று பெயர் பெற்றது. அப்போது நான் குருமடத்தில் இருந்தேன். புதிய நூலைக் கையில் வாங்கிய நாளில் எங்களுக்கு இருந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. நம் மக்கள் பேசும் தமிழில் ஆண்டவர் பேசுகிறார் என்று எண்ணிப் பூரித்தோம். அம்மகிழ்ச்சி நியாயமானதே.

தொடக்கம் என்பதும் வறிய சொல்லன்று. தொடு, தொடர், தொடங்கு ஆகியவை ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நிற்பவை. ஒன்றைத் தொட்டு, அதிலிருந்து தொடர்வதே தொடக்கம். மேலும் பொது மொழிபெயர்ப்பு முதல் வசனத்தின் வினையைப் ‘படைத்தபொழுது’ என்று எச்சமாக அமைத்திருப்பதையும் நோக்க வேண்டும். எபிரேய மூலத்தின் இலக்கணம் அவ்வாறு வாசிக்கவும் இடமளிக்கிறது. பதினோராம் நூற்றாண்டு யூத அறிஞர் இராஷி அவ்வாறே விளக்கினார். முற்றுவினையாகப் பெயர்ப்பதற்கும் எழுபதின்மர் காலந்தொட்டுப் பழைமையான ஆதரவு உண்டு. ஒரு சொல்லைப் பெயர்ப்பவன் எத்தனை நூற்றாண்டுகளின் வாதங்களுக்கு நடுவே நிற்கிறான் பாருங்கள்!

ஒரு சொல்லுக்காக நடந்த போர்

இவையெல்லாம் புலவர் பொழுதுபோக்கு என்று எவரும் எண்ணவேண்டாம். இச்சொல்லுக்காகத் திருச்சபை குருதி சிந்தாத குறையாகப் போராடியிருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ், இறைமகன் இல்லாதிருந்த நிலை ஒன்று உண்டு என்று கற்பித்தார். மகன் என்றால் பிறந்தவர். பிறந்தவர் என்றால் தொடக்கம் உடையவர். தொடக்கம் உடையவர் படைக்கப்பட்டவர் என்பது அவர் வாதம். கேட்பதற்குத் தெளிவாகத்தான் இருந்தது. பிறப்பையும் தொடக்கத்தையும் அவர் ஒன்றாக்கினார். அங்கேதான் தவறு நுழைந்தது. 325-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் அவ்விரண்டையும் பிரித்தது. மகன் தந்தையிடமிருந்து பிறந்தவர், ஆனால் உண்டாக்கப்பட்டவர் அல்லர் என்று அறிக்கையிட்டது. ஞாயிறுதோறும் நாம் சொல்லும் நம்பிக்கை அறிக்கையில் இன்றும் அது நிற்கிறது. அச்சங்கத்தின் ஆயிரத்து எழுநூறாம் ஆண்டு நிறைவைத் திருச்சபை 2025-இல் நினைவுகூர்ந்தது.

போர் அத்துடன் ஓயவில்லை. மேற்கே கோத்தியர் முதலிய இனத்தார் ஆரியுஸின் போதனையைப் பின்பற்றி வந்தனர். 529-இல் இன்றைய பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள வேசோன் நகரில், ஆர்ல் நகர ஆயர் புனித செசாரியுஸ் தலைமையில் ஒரு சங்கம் கூடிற்று. தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவியாருக்கும் புகழ் சொல்லும் செபத்தோடு, ஆதியில் இருந்ததுபோல என்னும் கருத்துடைய பகுதியையும் தங்கள் ஆலயங்களிலெல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அது ஆணையிட்டது. மகன் காலத்தில் தோன்றியவர் என்பாரின் வஞ்சகத்தை மறுக்கவே இவ்வாணை.

நம் வீட்டுச் செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிக்கும் இறுதியில் நாம் சொல்லும் சொல் அதுவே. அது அழகுக்காக வைத்த அடையன்று. கிறிஸ்துவின் இறைத்தன்மைக்காக ஒரு சமுதாயம் நாட்டிய எல்லைக்கல்.

காலத்துக்கு முன்னால்

தொடக்கம் என்றவுடன் மனிதர் கேட்கும் அடுத்த கேள்வி, அதற்கு முன் என்ன இருந்தது என்பது. புனித அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலின் பதினோராம் பகுதியில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டு, காலமே படைக்கப்பட்டதொன்று. எனவே காலத்துக்கு ‘முன்’ என்று ஒரு காலம் இல்லை என்று காட்டினார். புனித தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி சென்றார். உலகத்துக்குத் தொடக்கம் உண்டென்பதைத் திருவெளிப்பாட்டால் அறிகிறோம். பகுத்தறிவால் மட்டும் அதை மெய்ப்பிக்க இயலாது என்றார். படைப்பு என்பது என்றோ ஒருநாள் முடிந்துபோன நிகழ்ச்சி மட்டுமன்று. ஒவ்வொரு கணமும் உலகம் இறைவனை நம்பி நிற்பதே படைப்பு என்பது அவர் போதனை.

இப்போதனையின் பயன் இருபதாம் நூற்றாண்டில் விளங்கிற்று. பெல்ஜிய நாட்டுக் குருவும் இயற்பியலாருமான ஜார்ஜ் லெமேத்ர் 1927-இல் பிரபஞ்சம் விரிவடைகிறது என்றும், 1931-இல் அது ஓர் ஆதி அணுவிலிருந்து தோன்றியிருக்கலாம் என்றும் எழுதினார். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இவ்வறிவியலில் படைப்பின் சான்றைக் கண்டு மகிழ்ந்தார். ஆனால் லெமேத்ரே அவ்விதம் இணைப்பதை விரும்பவில்லை. தம் கொள்கை இயற்பியலின் தொடக்கத்தைப் பற்றியது. இறைவன் என்னும் ஆதிகாரணத்தை அது நிறுவவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்பதே அவர் நிலை. தொடக்கமும் ஆதியும் ஒன்றல்ல என்பதை இந்தக் குருவானவர் அறிந்திருந்தார். அறிவியல் பாடத்தில் பெருவெடிப்பைப் படித்துவிட்டு, விவிலியம் பொய்யோ என்று கலங்கி வரும் நம் கல்லூரி மாணவர்களுக்கு இதைத்தான் நான் சொல்லுகிறேன்.

தமிழுக்கே உரிய முதல்

இங்கு மூன்றாவது தமிழ்ச்சொல் ஒன்றையும் மறக்கலாகாது. அது ‘முதல்’. எண்ணிக்கையில் ஒன்றாவதும் முதல், மரத்தின் அடியும் முதல், காரணமும் முதல், கடைவீதியில் வணிகர் போடும் பணமும் முதல். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. இடமும் காலமும் அமைந்த பிறகே மற்றவை வாழும் என்று கண்ட அந்தப் பழந்தமிழ்ப் பார்வைக்கும், முதலில் ஒளியையும் பொழுதையும், பின்னர் வானையும் நிலத்தையும் அமைத்து, அதன்பின் உயிர்களை அவற்றில் குடியேற்றும் தொடக்க நூலின் முதல் அதிகாரத்துக்கும் உள்ள ஒப்புமை எண்ணி மகிழத்தக்கது. வள்ளுவரோ தம் முதற்குறளிலேயே முதல் என்பதையும் ஆதி என்பதையும் ஒருங்கே வைத்துப் பாடினார். இரண்டில் ஒன்றைத் தள்ள வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஊர் தறி ஓசையால் வாழ்ந்த ஊர். நெசவாளர் வீட்டில் ஒரு பாவு முடிந்து வேறு பாவு ஏற்றும்போது, புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழை நுனியோடு சேர்த்து முடிவார்கள். நூற்றுக்கணக்கான இழைகள், பொறுமையான கைகள். அதைக் காணும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: மனிதர் செய்யும் எந்தத் தொடக்கமும் இப்படிப்பட்டதுதான். முன்னிருந்த ஒன்றைத் தொட்டுத்தான் நாம் தொடங்குகிறோம். இழையே இல்லாத இடத்தில் துணியை உண்டாக்குபவர் இறைவன் ஒருவரே. அதனாலன்றோ, தொடக்க நூலின் முதல் வரியில் படைத்தலுக்கு வரும் எபிரேய வினைச்சொல், அவ்வடிவத்தில் இறைவனை மட்டுமே எழுவாயாகக் கொள்ளுகிறது! ஏழு மைந்தரைப் பலிகொடுத்த தாய் தன் கடைசி மகனிடம், இல்லாமையிலிருந்து இறைவன் அனைத்தையும் உண்டாக்கினார் என்று சொல்லித் தேற்றிய காட்சியை மக்கபேயர் இரண்டாம் நூலில் (7:28) படிக்கிறோம். அந்தத் தாய்க்கு அது தத்துவமன்று. படைத்தவர் மீண்டும் உயிர் தருவார் என்னும் நம்பிக்கையின் அடிக்கல்.

நான் இழைத்த பிழை

இனி, முன்னே சொல்வதாகக் கூறியதைச் சொல்லுகிறேன். நான் குருவான புதிதில் ஒரு சிற்றூரில் பணியாற்றினேன். மாலைதோறும் ஆலயத்தில் செபமாலை. புதிய செபங்களை மக்கள் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஆலயம் முழுதும் ‘தொடக்கத்தில்’ என்று சொல்லும்போது முன்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் ஆச்சியின் குரல் மட்டும் ‘ஆதியில்’ என்று உரக்க ஒலிக்கும். இரண்டு சொற்களும் மோதிச் செபம் ஒரு கணம் தடுமாறும். இளைஞர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் நான் பொறுமை இழந்து, எல்லார் முன்னிலையிலும், “ஆச்சி, அது பழைய சொல். இனிமேல் எல்லாரும் சொல்றதுபோலச் சொல்லுங்க” என்றேன்.

“சரி சாமி” என்றார்.

மறுநாள் முதல் அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. குரல் வரவில்லை. செபம் தடங்கலின்றி நடந்தது. நானும் நிம்மதி அடைந்தேன். சில மாதங்களில் எனக்கு இடமாற்றம் வந்தது. அவர் இறந்த செய்தியைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே கேட்டேன்.

வேசோன் சங்கத்தைப் பற்றிக் குருமடத்தில் நான் படித்ததுண்டு. ஆரியுஸைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியதுண்டு. ஆனால் அச்சங்கம் காத்த சொல் ஒரு தாயின் வாயிலிருந்து மகளின் வாய்க்கு வழிவழியாக வந்து என் முன்னே ஒலித்தபோது எனக்கு அது அடையாளம் தெரியவில்லை. பழைய பாவின் இழை நுனியை நான் அறுத்துவிட்டேன். புதிய சொல் தவறன்று. அது வந்ததில் இன்றும் எனக்கு மகிழ்ச்சியே. பழைய சொல்லுக்கு முடிச்சிடாமல் புதிய சொல்லை ஏற்ற முயன்றதே என் தவறு.

மறைக்கல்வி வகுப்பில் கேள்வி கேட்ட சிறுமியிடம் அடுத்த ஞாயிறு மறுபடியும் பேசினேன். மூன்றும் ஒன்றல்ல என்று சொன்னேன். ஜெனிசிஸ் நாம் ஒரே பிறப்பினர் என்று சொல்லுகிறது. ஆதி நாம் எந்த ஊற்றிலிருந்து வந்தோம் என்று சொல்லுகிறது. தொடக்கம் அவர் தொட்டதை நாம் தொடரவேண்டும் என்று சொல்லுகிறது என்றேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “எங்க ஆச்சி ஆதியில்னுதான் சொல்லுவாங்க ஃபாதர்” என்றாள்.

“அவங்ககூடச் சேர்ந்து செபமாலை சொல்லுறப்போ நீயும் அப்படியே சொல்லும்மா” என்றேன்.

அன்புள்ள வாசகரே, உங்கள் வீட்டிலும் அத்தகைய முதிய குரல் ஒன்று இருக்கலாம். செபத்தின் நடுவே அது சற்று வேறுபட்டு ஒலிக்குமானால், திருத்தாதீர்கள். சற்றே நின்று, அச்சொல்லின் பொருளை அவரிடம் கேளுங்கள். பிறகு உங்கள் பிள்ளைக்குப் புதிய சொல்லையும் கற்றுக்கொடுங்கள். தொடக்கமும் முடிவும் ஆனவர் இரண்டையும் கேட்டு மகிழ்வார்.